அசுணமும் நீரரமகளும்

இருபது வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அறுபத்து நான்கு பக்கம், முந்நூறு பிரதி, கைக்காசில் அச்சிட்டது. எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரர். ஜவ்வரிசி ஆலையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தொகுப்பில் ஒரு கவிதை, வறண்ட கிணற்றுக்குள்ளிருந்து இரவில் பாடும் கடல்கன்னியைப் பற்றியது. அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: ராவெல்லின் பியானோ இசையைக் கேட்டபின் எழுதியது என்று.

நான் விடவில்லை. கெங்கவல்லிக் கிணற்றுக்குக் கடல்கன்னி எப்படி வந்தாள், பாரிஸிலிருந்து சேலம் வந்து ஆத்தூர் பஸ் பிடித்தா, என்று எழுதினேன். கடல் இல்லாத ஊர், பியானோ இல்லாத ஊர்; இரண்டும் கெட்டவன் இரவல் பிரக்ஞையில் எழுதிய இரவல் கவிதை என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியத்தை நண்பர்கள் ரசித்தார்கள். சிலர் கடிதத்தில் திருப்பி எழுதினார்கள். அவர் எதுவும் எழுதவில்லை. அதற்கப்புறம் கவிதையும் எழுதவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வது ஒருவித அகங்காரம். ஆனால் காரணமே இல்லை என்று சொல்லிக்கொள்வது அதைவிட மோசமான சௌகரியம்.

இப்போது எழுதுவது மன்னிப்புக் கடிதம் அல்ல. நான் கேலியாகக் கேட்ட கேள்வி உண்மையிலேயே ஒரு சரித்திரக் கேள்வி என்பதும், அதற்குப் பதில் இருக்கிறது என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. கடல்கன்னி எப்படிப் பியானோவுக்குள் போனாள்? அந்தப் பியானோ நமக்கு என்ன உறவு? கெங்கவல்லிக்காரன் ஒருவன் அதைக் கேட்டு, கிணற்றடியில் நின்றால், அவன் இரவல் வாங்குகிறானா, அல்லது கொடுத்து மறந்ததைத் திரும்பப் பெறுகிறானா?

2

முதலில் ஐரோப்பியக் கதை. கிரேக்கர்களின் ஸைரன்களுக்கு மீன்வால் கிடையாது. பழைய ஜாடிச் சித்திரங்களில் அவர்கள் பாதி பறவை. சிலர் கையில் நரம்புக் கருவி. மீன்வால் முளைத்தது மத்திய காலத்தில். பதினாறாம் நூற்றாண்டில் பாராஸெல்ஸஸ் என்ற வைத்தியர் நீரில் வாழும் பெண்களுக்கு உந்தினா என்று பெயர் வைத்தார். ஃபூக்கே 1811இல் அந்தப் பெயரில் ஒரு கதை எழுதினார்: நீர்ப்பெண்ணுக்கு ஆத்மா இல்லை, மனிதன் ஒருவனை மணந்தால்தான் அது வரும். 1816இல் ஹாஃப்மன் அதை ஓபரா ஆக்கினார். 1837இல் ஆண்டர்ஸன் தன் சிறிய கடல்கன்னியின் கதையை எழுதினார். அதில் அவள் கால்களைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலை குரல். நாக்கை அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கரைக்கு வருகிறாள்.

இந்த விலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த நூற்றாண்டு முழுவதும் கடல்கன்னி குரலிலிருந்து பியானோவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறாள். 1794இல் ஹைடன் லண்டனில் வெளியிட்ட பாட்டொன்றில் அவள் வாய்திறந்து பாடுகிறாள், பியானோ பக்கவாத்தியம். 1841இல் ஷூமன், ஷோப்பானின் பல்லாடுகள் மிக்கியேவிச்சின் கவிதைகளால் தூண்டப்பட்டவை என்று ஷோப்பானே தன்னிடம் சொன்னதாக எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பிற்பாடு வந்தவர்கள் மூன்றாம் பல்லாடில் ஏரிப்பெண் ஒருத்தியைக் கேட்டார்கள். அவள் இருக்கிறாளோ இல்லையோ, பாட்டு இல்லாமலே கதை கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. தெபுஸி தன் மூன்று 'நாக்டர்ன்'களில் கடைசியானதற்கு ஸைரன்கள் என்று பெயரிட்டார். 1901இல் மூன்றும் சேர்ந்து முழுமையாக அரங்கேறின. அதில் பெண்கள் பாடுகிறார்கள், ஆனால் சொல் இல்லை, வெறும் உயிரொலி. அதை இரண்டு பியானோவுக்காக மாற்றி எழுதியவர் ராவெல். சொல் போன பெண்களுக்கு இப்போது குரலும் போயிற்று. மிச்சம் தந்தியும் சுத்தியலும்.

அந்த ராவெல்தான் 1908இல் 'காஸ்பார் த லா நுயீ' என்ற மூன்று பகுதிப் பியானோ படைப்பை எழுதினார். 1909 ஜனவரியில் பாரிஸில் ரிக்கார்தோ விஞேஸ் வாசித்தார். மூன்றும் அலோய்ஸியுஸ் பெர்த்ரானின் உரைநடைக் கவிதைகளை வைத்து எழுதியவை. பெர்த்ரான் 1841இல் இறந்தவர். புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. முதல் பகுதி ஒந்தீன். கதை இவ்வளவுதான்: நீர்ப்பெண் இரவில் ஜன்னலருகே வந்து, என் மோதிரத்தை வாங்கிக்கொள், ஏரிகளின் ராஜாவாக இரு, என்கிறாள். அவன் தான் ஒரு மானுடப் பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்கிறான். அவள் கொஞ்சம் அழுகிறாள். உடனே சத்தமாகச் சிரித்து, ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழையாக மறைந்துவிடுகிறாள்.

இசையின் தொடக்கத்தில் வலக்கை மிக மிக மெல்லிய ஒலியில் ஒரு கூட்டு ஸ்வரத்தைத் துண்டு துண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. நீர் என்று யாரும் சொல்லவில்லை, நீர் இருக்கிறது. அதற்கடியில் இடக்கை மெதுவாகப் பாட்டை எடுக்கிறது. முடிவுக்குச் சற்றுமுன் எல்லாம் நின்று, துணையில்லாத ஒற்றை ஸ்வரவரிசை மட்டும் கேட்கிறது. அப்புறம் சிரிப்பு, விசைப்பலகையின் நீளத்துக்கும் சிதறி. அப்புறம் ஒன்றுமில்லை.

இதைத்தான் அவர் கேசெட்டில் கேட்டிருக்கிறார். ஆலையில் மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வராத மாதங்களில் அவருக்கு நேரம் நிறைய இருந்திருக்கும்.

3

பியானோவை நான் முதலில் தொட்டது ஏற்காட்டில், ஒரு பழைய பங்களாவில். சொந்தக்காரர்கள் போய் வெகுநாளாயிருந்தது. காவல்காரர் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். மழைக்காலத்து ஈரத்தில் கட்டைகள் ஊதி, அழுத்தினால் பாதி எழும்பவில்லை. சுத்தியல் தலைகளின் கம்பளித் துணியைப் பூச்சி தின்றிருந்தது. முன்பலகை கழன்று கிடந்ததால் உள்ளே பார்க்க முடிந்தது. அன்று பார்த்ததைப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு யாழ். ஒருபுறம் நீண்டு மறுபுறம் குறுகும் நரம்பு வரிசை. அதைத் தாங்கும் வளைந்த சட்டம். இரும்பில் வார்த்த யாழ்.

இது உவமை அல்ல, கருவியியல். வீணையில் ஒரு தந்தியில் பல ஸ்வரம். மெட்டுகளின்மேல் விரலை நகர்த்தியும் தந்தியை இழுத்தும் கமகம் பிறக்கிறது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். சிலப்பதிகார உரை பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்குச் சொல்கிறது. நரம்புகள் திறந்து நிற்கும். சுருதி முன்னாலேயே கூட்டிவைத்தது. பியானோவும் அப்படித்தான்: 88 கட்டை, ஏறக்குறைய 230 தந்தி, ஒவ்வொன்றும் தன் இடத்தில் கட்டப்பட்டது. ஃப்ளாரன்ஸில் 1700ஐ ஒட்டி பார்த்தொலொமேயோ கிரிஸ்தொஃபொரி செய்த புதுமை, விரலுக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு சுத்தியலை வைத்ததுதான். அடித்தவுடன் அது விலகிவிடும். தந்தி தனியே அதிர்ந்து தேயும். ராவெல் நீருக்குப் பயன்படுத்தும் கலைத்த கூட்டு ஸ்வரத்துக்கு இத்தாலியில் ஆர்ப்பெஜ்ஜியோ என்று பெயர். ஆர்ப்பா என்றால் யாழ். யாழ்போல வாசி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். நீர் வேண்டும்போதெல்லாம் பியானோ தன் பூர்வஜன்மத்தை நினைத்துக்கொள்கிறது.

நம் சங்கீதக்காரர்கள் பியானோவுக்கு எதிராகச் சொல்வது, அது ஸ்வரத்தை வளைக்காது, நம் இசையின் உயிர் அதில் நிற்காது என்பது. இதையேதான் ஹார்மோனியத்துக்கும் சொன்னார்கள். அகில இந்திய வானொலி 1940இல் அதை வெளியே நிறுத்தியது. 1971 வரை கதவு திறக்கவில்லை. வாதம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதே வாதத்தின்படி யாழும் வெளியேதான் நிற்க வேண்டும். யாழ் மறைந்ததற்குக் காரணம் தேடியவர்கள் பலரும் வந்து நிற்கும் இடம் இதுதான்: கமகம் தழைக்கத் தழைக்க, நரம்புக்கொரு ஸ்வரம் என்ற கருவிக்கு வேலை குறைந்தது. மேடையில் யாழைப் புகழ்ந்து கண்ணீர் விடுகிறோம். பியானோவை அந்நியம் என்கிறோம். யாழ் எந்தக் குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டதோ அதே குற்றத்தைத்தான் பியானோவின்மேலும் சுமத்துகிறோம் என்பது நம் கண்ணில் படுவதில்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஆயப்பாலை ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக்கும் முறை என்று வாதிட்டார். அவர் சொன்னதை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் பழந்தமிழ் நரம்புகளை எண்ணத் தொடங்கிய ஒருவர், பியானோவின் பன்னிரண்டு கட்டைக்கு எதிரே வந்து நின்றது தற்செயல் அல்ல.

4

இரண்டாவது கதை நடப்பது மட்டக்களப்பில்.

இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்ஸன் டெனன்ட் 1848 செப்டம்பரில் மட்டக்களப்பு போனார். வாவியின் அடியிலிருந்து இசை வருகிறது என்று கேள்விப்பட்டு, நிலவில் படகில் போய்க் காத்திருந்தார். கேட்டதைப் பின்னால் புத்தகத்தில் விவரித்தார்: ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுவது போன்ற ஒலி, நீண்ட ஒரே ஸ்வரம் அல்ல, எண்ணற்ற சிறு ஒலிகள், ஒவ்வொன்றும் தனித்துத் தெளிவானது, மேல்ஸ்தாயியும் கீழ்ஸ்தாயியும் கலந்தது, படகின் மரத்தில் காதை வைத்தால் கூடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒருகணம் மூச்சு நின்றது. இது அறுபது வருஷம் கழித்து ராவெல் எழுதப்போகும் முதல் பக்கத்தின் வர்ணனை. ராவெல் டெனன்டைப் படித்தார் என்று சொல்ல வரவில்லை. நீருக்கடியிலிருந்து வரும் பாட்டு, இழையும் குரலாக இல்லாமல் சிறுசிறு ஒலிகளின் கூட்டமாக இருக்கும் என்பதை, பாரிஸில் ஒருவர் கற்பனையாலும் மட்டக்களப்பில் மீனவர்கள் காதாலும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதே விஷயம்.

மீனவர்கள் கடல்கன்னி என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெனன்டிடம் அவர்கள் ஒரு சிப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஊரி கத்துகிறது என்றார்கள். மற்றவர்கள் மீன் என்றார்கள். மீன்பாடும் தேனாடு என்று அந்த நாட்டுக்கே பெயராயிற்று. சென்ற நூற்றாண்டின் நடுவில் மட்டக்களப்பிலிருந்த லாங் என்ற ஜெஸ்விட் பாதிரியார் அந்த ஒலியைப் பதிவு செய்தார்; இலங்கை வானொலி ஒலிபரப்பியது. ஊரியா மீனா என்ற வழக்கு இன்னும் ஒருமுகமாக முடியவில்லை. உழைக்கிறவன் ஒலிக்குக் காரணம் தேடும்போது கைக்கெட்டிய சிப்பியைக் காட்டுகிறான். அதற்குப் பெண்ணுருவம் கொடுப்பது கவிஞனின் வேலை.

அந்த வேலையைச் செய்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவருடைய நீரரமகளிர் இன்னிசைப் பாடலில், ஊர் அடங்கிய நடுயாமத்தில், புலவன் ஒருவன் ஒரு பாணனையும் கூட்டிக்கொண்டு தோணியில் வாவிக்குள் போகிறான். தனியாகப் போகவில்லை, பாணனோடு போகிறான். யாழ் வாசித்த குலத்தைச் சேர்ந்தவனைச் சாட்சியாகக் கூட்டிப்போகிறான். ஒந்தீனின் ஜன்னலில் மோதிரமும் பேரமும் இருந்தன. இங்கே கேட்பது ஒன்றே காரியம்.

பதினான்கு வருஷம் உழைத்து அவர் எழுதிய யாழ்நூல், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 1947 ஜூன் 5ஆம் தேதி அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஜூலை 19ஆம் தேதி அவர் காலமானார். நடுவில் ஆறு வாரத்துக்குச் சற்று மேல். மறைந்த கருவியின் ஒவ்வொரு நரம்பின் அதிர்வுக்கும் எண் கணக்கிட்டுத் திருப்பிக் கட்ட முயன்ற மனிதர், வாவிக்கரைப் பையனாக இருந்தவர் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நீருக்கடியில் நரம்புகள் இன்னும் அதிர்கின்றன என்று சிறுவயதில் கேட்டவன்தான் பெரியவனானதும் யாழ் முழுக்கச் செத்துவிட்டது என்பதை நம்ப மறுப்பான்.

5

மூன்றாவது கதை எங்கள் பக்கத்துடையது.

கெங்கவல்லி வழியாக ஓடுவது சுவேத நதி. ஓடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது; வருஷத்தில் பல மாதம் மணலும் வேலிக்காத்தானும்தான். ஆனால் அது கொல்லிமலையிலிருந்து வருகிறது. மழை தெளிந்த காலையில் மேற்கே நீலமாகத் தெரிவது அந்த மலை. அங்கேதான் கொல்லிப்பாவை இருக்கிறாள். குறுந்தொகையும் நற்றிணையும் அவளைச் சொல்கின்றன: பூதம் செய்துவைத்த பாவை, காற்றும் மழையும் இடியும் அவள் வடிவத்தை அழிப்பதில்லை. சிரித்து மயக்கிக் கொல்வாள் என்பது பின்னால் வந்த கதை; இன்று எட்டுக்கை அம்மன்தான் அவள் என்று மலையில் சொல்கிறார்கள். ஒந்தீன் கடைசியில் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டுப் பாட்டிகள் மலையடிவாரத்துக்குப் போகும் பையன்களிடம், யாராவது சிரித்தால் திரும்பிப் பார்க்காதே, என்றுதான் சொல்லியனுப்பினார்கள்.

அந்த மலைக்கு யாழும் சொந்தம். வல்வில் ஓரியிடம் பாணர்கள் போனார்கள். அவன் கொடுத்த கொடையில் வயிறு நிறைந்து ஆடலையும் பாடலையும் மறந்தார்கள் என்று புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறார். தேவாரத்தில் கொல்லி என்றே ஒரு பண் இருக்கிறது. திருவதிகையில் சூலைநோயோடு நின்று அப்பர் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். ஓதுவார்கள் இன்று அதை நவரோஜில் பாடுகிறார்கள். பண்ணும் மலையும் ஒரே பெயர் என்பதற்குமேல் நான் எதையும் இதில் ஏற்றவில்லை. ஆனால் மயக்கிக் கொல்லும் ஒரு பெண், யாழோடு வரும் பாணர்கள், வலியிலிருந்து எழுந்த ஒரு பண், மூன்றும் ஒரே பெயரைச் சுற்றி நிற்கும் ஊர்ப்பக்கத்தில் பிறந்தவனைப் பார்த்து, உனக்கு ஏது கடல்கன்னி என்று நான் கேட்டிருக்கிறேன்.

கடலோரத்துக்கும் போகலாம். புகாரின் கானல்வரியில் கோவலன் மாதவியின் கையிலிருந்து யாழை வாங்கி, இந்தக் கடற்கரைச் சிற்றூரில் அணங்கு இருப்பது தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேன் என்ற பொருளில் பாடுகிறான். பிறகு அவள் வாசிக்கிறாள். வாசித்து முடிப்பதற்குள் குடும்பம் உடைந்துவிடுகிறது. நரம்புக் கருவி, கடல், கொல்லும் பெண்: ஐரோப்பா தன் கடல்கன்னிக்குச் சேர்த்த மூன்று சாமான்களும் இங்கே ஒரே மணல்மேட்டில் இருக்கின்றன. வால் மட்டும்தான் இல்லை.

6

இவ்வளவு தூரம் வந்தபின்னும் ஒன்று மிச்சமிருந்தது. ஒந்தீனைக் கேட்கும்போது எனக்கு ஏற்படுவது மயக்கம் மட்டும் அல்ல, ஒரு பயம். அந்தப் பயத்துக்குச் சொல் கொடுத்தது சங்கப் பாட்டிலுள்ள அசுணம்.

அது விலங்கா பறவையா என்று உரைகாரர்களுக்குள் சண்டை உண்டு. மலைமுழைகளில் இருப்பது; யாழிசைக்கு மயங்குவது. அகநானூற்றில் ஓர் இடத்தில், யானையின் மதநீரில் மொய்க்கும் வண்டொலியை யாழ் என்று நினைத்துக் குகைக்குள்ளிருந்து அது உற்றுக்கேட்கிறது. வேட்டைக்காரர்களுக்கு இது தெரியும். மறைந்திருந்து யாழ் வாசிப்பார்கள். அசுணம் வெளியே வந்து மெய்மறந்து நிற்கும். அப்போது சட்டென்று பறையை அறைவார்கள். அந்த ஒலியில் அது துடித்துச் சாகும். காதலனின் மார்பு இன்பமும் தந்து துன்பமும் தருகிறது, அசுணம் கொல்பவரின் கையைப் போல, என்கிறாள் நற்றிணைத் தலைவி. கலித்தொகையிலும் இதே வேட்டை உவமையாக வருகிறது.

ஐரோப்பியக் கதையைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது இது. அங்கே நீர்ப்பிராணி பாடுகிறது, மனிதன் சாகிறான். இங்கே மனிதன் வாசிக்கிறான், பிராணி சாகிறது. கிரேக்க மாலுமி காதில் மெழுகை வைத்துக்கொண்டு தப்பலாம். அசுணத்துக்கு அந்த உபாயம் இல்லை. கேட்பதுதான் அதன் குணம். ஆபத்தானது பாடும் பெண் அல்ல, வாசிக்கும் கை என்று நம் பழைய கவிகள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

பியானோ இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்த கருவி. உள்ளே யாழ், அதன்மேல் விழுவது பறையின் அடி. யாழைக் காட்டி இழுத்து, பறையை அறைந்து கொல்வதற்கு வேட்டைக்காரர்களுக்கு இரண்டு கருவி வேண்டியிருந்தது. பியானோவில் ஒவ்வொரு ஸ்வரமும் அடியாகப் பிறந்து நரம்பாகத் தேய்கிறது. ராவெல் செய்தது, அந்த அடியைக் காதிலிருந்து மறைத்தது. ஒந்தீனின் முதல் பக்கத்தில் சுத்தியல்கள் நூற்றுக்கணக்கில் விழுகின்றன, ஒன்றுகூடக் கேட்பதில்லை. நீர் மட்டும் கேட்கிறது. கடைசிச் சிரிப்பில் அவை தங்களைக் காட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது. அதுவரை மறைந்திருந்து வாசித்தவன் யார் என்று அப்போது தெரிகிறது.

7

இன்னொரு மரணமும் இதில் உண்டு. அது உவமை அல்ல. டெனன்டின் புத்தகங்களில் மன்னார்க் கடலின் கடற்பசுவைப் பற்றிய பகுதியும் உண்டு. 1560இல் மன்னாருக்கருகே ஏழு கடல்கன்னிகள் வலையில் சிக்கியதாகவும், கோவா வைஸ்ராயின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் மனிதரைப் போலவே இருப்பதாகச் சொன்னதாகவும் ஒரு பழைய கதையை அவர் எடுத்துச்சொல்கிறார். கடற்பசுவைத்தான் அப்படிக் கண்டார்கள் என்பது அவர் கணிப்பு. எங்கள் கடற்கரையில் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேயும் சாதுப் பிராணி. குட்டியை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கும் என்பதால் பெண்ணாகிவிட்டது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று ஒதுக்கியது. நம் கடல்கன்னி கடைசியில் அரசாணையில் வந்து ஒதுங்கியிருக்கிறாள். பாட்டில் அவள் மனிதனைக் கொன்றாள். வலையில் மனிதன் அவளைக் கொன்றான். அசுணக் கதை சொன்னவர்கள் இதற்கு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

இந்தக் கதைகளை யாரும் இங்கே பியானோவில் எழுதாதது பற்றி நான் புலம்பப்போவதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1842இலிருந்து ஒரு கடையில் பியானோ விற்றுவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பரீட்சைக்காக வாசிக்கிறார்கள். சினிமா அதை மழைக்கும் சோகத்துக்கும் பயன்படுத்துகிறது. கருவி வந்த அளவுக்குக் கேள்வி வரவில்லை. கேள்வியோடு கேட்டவர் ஒருவர் இருந்தார். எனக்குத் தெரிந்த மட்டில், பியானோவைக் கேட்டுத் தன் வீட்டுக் கிணற்றடிக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் பஸ் டிக்கெட் கேட்டேன்.

விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்ல அல்ல, எனக்கு நானே சொல்லிக்கொள்ள. இரவல் எது, சொந்தம் எது என்று சட்டென்று பிரித்துவிடும் திறமையை நாம் ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது அறியாமையின் வேகம். யாழ் எப்படிப் போயிற்று, வாவியில் என்ன கேட்டது, மலையின்மேல் யார் சிரித்தாள் என்று தெரியாதவனுக்கு எல்லாமே பாரிஸிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். அவர் கவிதை நல்ல கவிதையா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு. நாலைந்து வரிகள் தளர்ந்தவை. ஆனால் தளர்ந்த வரியைச் சொல்லித் திருத்தியிருக்கலாம். நானோ நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன். மதிப்புரையின் முதல் இரண்டு பத்திகள் பாராட்டு. அவர் வெளியே வந்து நின்று கேட்கும்போது மூன்றாவது பத்தியில் பறையை அறைந்தேன்.

ஆலை மூடி வெகுநாளாகிறது. அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். போன ஐப்பசியில் மலையில் நல்ல மழை. சுவேத நதியில் மூன்று நாள் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் இரவு மின்சாரம் இல்லை. பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். கல்லும் நீரும் மோதும் சத்தம், ஒரே ஒலியாக இல்லாமல், சிறுசிறு ஒலிகளாகப் பிரிந்து கேட்டது. கொஞ்சநேரம் கழித்துக் கைப்பிடி இரும்பில் காதை வைத்துப் பார்த்தேன். கூடியது.

அவர் கவிதையில் அந்தப் பெண் இப்படித்தான் பாடுகிறாள், இரும்பு ராட்டினத்தின் வழியாக. அந்த வரியை அன்று நான் படிக்காமல் தாண்டியிருந்தேன்.